மெடிக்கல் ஷாப், ஃபார்மசிஸ்ட் பதிவு, டிரக் லைசென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் மருந்துக் கடை நடத்தவும், அதில் மருந்தாளுநராக வேலை பார்க்கவும் அரசு என்னென்ன விதிகள் வைத்திருக்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். டி.ஃபார்ம் (மருந்தியல் டிப்ளமோ) முடித்த பிள்ளைகள், கடை போட நினைப்பவர்கள், சீட்டோடு வந்து நிற்கும் நோயாளிகள் என்று ஒவ்வொருவர் கேள்வியும் ஒரு மாதிரி. நான் பதிவு பெற்ற மருந்தாளுநர். கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பதுதான் என் வேலை. சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

கடைக்குத்தான் லைசென்ஸ் இருக்கிறதே, ஃபார்மசிஸ்டுக்குத் தனியாகப் பதிவு எதற்கு?

இரண்டும் வேறு வேறு சட்டத்தில் வருகின்றன, வேறு வேறு அலுவலகம் கொடுக்கிறது. ஆளுக்கான பதிவு 1948 ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டத்தில் வருகிறது. அதைக் கொடுப்பது மாநில மருந்தியல் கவுன்சில். கடைக்கான உரிமம் 1940 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்திலும் அதன்கீழ் 1945 இல் வந்த விதிகளிலும் வருகிறது. அதைக் கொடுப்பது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை.

இரண்டையும் கோத்து வைத்திருப்பது அந்த 1945 விதிகளில் 65 ஆம் விதி. மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுப்பதென்றால், பதிவு பெற்ற மருந்தாளுநர் தானே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவருடைய நேரடிக் கண்காணிப்பில் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதாவது கடையின் உரிமம் அந்த ஆளை நம்பித்தான் கொடுக்கப்படுகிறது. அவர் கடையில் இல்லாத நேரத்தில் சீட்டுக்கு மருந்து கொடுத்தால், சுவரில் உரிமம் தொங்கினாலும் அது விதிமீறல்தான்.

இவ்வளவு சட்டம் எப்படி வந்தது?

1930 இல் ஆர்.என். சோப்ரா தலைமையில் ஒரு மருந்து விசாரணைக் குழு போட்டார்கள். அந்தக் காலத்தில் மலேரியாவுக்கு உயிர்காக்கும் மருந்து கொய்னா. அதுவே தரமில்லாமல், கலப்படமாகச் சந்தையில் ஓடிக்கொண்டிருந்தது. மருந்தைச் செய்பவருக்கும் கலப்பவருக்கும் விற்பவருக்கும் எந்தத் தகுதியும் கேட்கப்படவில்லை. மருந்தின் தரத்துக்கும் சட்டம் வேண்டும், மருந்தைக் கையாளும் ஆளின் தகுதிக்கும் சட்டம் வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. முதலாவது 1940 இல் வந்தது, இரண்டாவது 1948 இல்.

புதுச் சட்டம் வந்ததும் பழைய ஆட்களை ஒரேயடியாக வெளியே தள்ளிவிடவில்லை. படிப்பு இல்லாவிட்டாலும் மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ 5 ஆண்டுகள் மருந்து கலந்த அனுபவம் உள்ளவர்களை முதல் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் ‘கம்பவுண்டர்’ என்று சொல்வார்களே, அப்படிப் பலர் உள்ளே வந்தது இந்த வழியில்தான். 1976 இல் கொண்டுவந்த திருத்தத்தில் பர்மா, இலங்கை, உகாண்டா போன்ற நாடுகளில் கலவரத்தால் இடம்பெயர்ந்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் பதிவுக்கு வழி செய்தார்கள். அங்கே மருந்துத் தொழில் பார்த்துவிட்டு இங்கே வெறுங்கையோடு இறங்கியவர்களுக்கு அது பெரிய உதவி.

பதிவில்லாதவர் மருந்து கொடுக்கவே கூடாது என்ற, 1948 சட்டத்தின் 42 ஆம் பிரிவு நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது 1984 செப்டம்பரில். சட்டம் வந்த பிறகு 36 ஆண்டுகள் அவகாசம் கிடைத்திருக்கிறது. ஆகவே ‘திடீரென்று ஆள் கேட்டால் எங்கே போவது?’ என்று இன்றைக்கு ஒரு கடைக்காரர் சொன்னால் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மாநில மருந்தியல் கவுன்சில் என்றால் அரசு அலுவலகமா, சங்கமா?

இரண்டும் இல்லை. சட்டத்தின் வழியாக உருவான அமைப்பு. பதிவு பெற்ற மருந்தாளுநர்கள் தங்களுக்குள் 6 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில அரசு 5 பேரை நியமிக்கிறது. அவர்களிலும் குறைந்தது 3 பேர் மருந்தியல் படித்தவர்களாகவோ பதிவு பெற்றவர்களாகவோ இருக்க வேண்டும். மருத்துவக் கவுன்சில் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவர் உண்டு. மாநிலத்தின் தலைமை மருத்துவ நிர்வாக அதிகாரி, மருந்துக் கட்டுப்பாட்டுப் பொறுப்பு அதிகாரி, அரசு பகுப்பாய்வாளர் ஆகியோர் பதவி வழி உறுப்பினர்கள். பதவிக்காலம் 5 ஆண்டுகள்.

தொழில் பார்ப்பவர்களே தங்கள் தொழிலுக்குக் காவலாக இருக்கும் ஏற்பாடு இது. நல்லதும் கெட்டதும் இதிலேயே இருக்கிறது. கவுன்ட்டரில் நடப்பதை நன்றாக அறிந்தவர்கள் உள்ளே இருப்பார்கள். அதே சமயம் சக தொழில்காரர்மீது நடவடிக்கை எடுக்கத் தயங்கவும் செய்வார்கள். அதனால்தான் தேர்தல் வரும்போது ஓட்டுப் போடுங்கள் என்று இளைஞர்களிடம் சொல்கிறேன். பலருக்குத் தங்களுக்கு ஓட்டு இருப்பதே தெரிவதில்லை.

பதிவு செய்ய என்ன படித்திருக்க வேண்டும்?

18 வயது முடிந்திருக்க வேண்டும். டி.ஃபார்ம், பி.ஃபார்ம் (மருந்தியல் பட்டம்), ஃபார்ம்.டி (மருந்தியல் டாக்டர் படிப்பு) ஆகிய மூன்றில் ஒன்று முடித்திருக்க வேண்டும். டி.ஃபார்ம் 2 ஆண்டுப் படிப்பு; அதன்பின் 500 மணி நேரத்துக்குக் குறையாத செய்முறைப் பயிற்சி உண்டு. பி.ஃபார்ம் 4 ஆண்டுகள், ஃபார்ம்.டி 6 ஆண்டுகள்.

படித்தால் மட்டும் போதாது, படித்த கல்லூரிக்குத் தேசிய அளவிலான இந்திய மருந்தியல் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்க வேண்டும். பெற்றோர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். பலகையில் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று போட்டிருப்பார்கள். எந்த அரசு, எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு என்று யாரும் கேட்பதில்லை. இந்திய மருந்தியல் கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. நீங்கள் சேரும் படிப்பு, சேரும் ஆண்டு இரண்டும் அதில் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அஞ்சல் வழியில் டி.ஃபார்ம், வார இறுதியில் மட்டும் டி.ஃபார்ம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் காகிதத்தை வைத்துப் பதிவு செய்ய முடியாது. கட்டிய பணமும் போய்விடும், பிள்ளையின் 2 ஆண்டுகளும் போய்விடும்.

பயிற்சி நேரத்தையும் கணக்குக்காக முடித்துவிடாதீர்கள். கடை முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், முழு நேரமும் நின்று பழகிய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். முதல் மாதமே வித்தியாசம் தெரிந்துவிடும். மருத்துவரின் கையெழுத்தைப் படிப்பது, சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் அவருக்கே போன் செய்து கேட்பது, இன்சுலினை எந்தத் தட்டில் வைப்பது என்பதெல்லாம் அந்த 500 மணி நேரத்தில்தான் கைக்கு வரும்.

வேறு மாநிலத்தில் படித்து, அங்கேயே பதிவும் செய்துவிட்டேன். தமிழ்நாட்டில் வேலை பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் பதிவை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். பதிவு என்பது நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில் அல்லது தொழில் செய்யும் மாநிலத்தில் இருக்க வேண்டிய ஒன்று. இன்னொரு மாநிலத்தில் பதிவு பெற்றவர் என்பதையே இங்கே பதிவு செய்வதற்கான தகுதியாகச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. மறுபடி பரீட்சை எழுதச் சொல்வதில்லை. பழைய கவுன்சிலிடமிருந்து தடையில்லாச் சான்று வாங்கிவர வேண்டியிருக்கும். கடிதப் போக்குவரத்துக்கு நேரம் பிடிக்கும். ஆகவே வேலையில் சேரும் தேதிக்கு முந்தைய வாரம் ஆரம்பிக்காதீர்கள்.

ஒருமுறை பதிவு செய்தால் ஆயுசுக்கும் போதுமா?

போதாது. பதிவேட்டில் பெயர் நீடிக்கப் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பதிவாளர் பெயரை எடுத்துவிடலாம். பிறகு பணம் கட்டித் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. 2015 இல் வந்த மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகள் 5 ஆண்டுக்குள் குறைந்தது 2 ஒருநாள் புத்தாக்கப் பயிற்சிகளில் கலந்துகொள்ளவும் சொல்கின்றன. சிலர் இதைச் சடங்கு என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நான் படித்தபோது பாடத்திலேயே இல்லாத மருந்துகளை இன்றைக்குத் தினமும் எடுத்துக் கொடுக்கிறேன்.

நான் வேறு வேலைக்குப் போகிறேன். என் சர்டிஃபிகேட்டை மட்டும் ஒரு கடைக்குக் கொடுத்தால் மாதம் ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார்கள். தரலாமா?

கூடாது. எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் வருவதும், மனதை அதிகம் வருத்துவதும் இதுதான்.

நடக்கும் விதம் எல்லாருக்கும் தெரியும். கடை முதலாளிக்கு உரிமம் வாங்க ஒரு மருந்தாளுநரின் பெயர் வேண்டும். முழுநேர ஆளை வைத்தால் முழுச் சம்பளம் தர வேண்டும். சர்டிஃபிகேட்டை மட்டும் வாங்கிக்கொண்டால் அதில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். படித்த பையன் மெடிக்கல் ரெப்பாகவோ, வெளியூரில் ஐ.டி. வேலையிலோ இருப்பான். அவன் படமும் பதிவு எண்ணும் கடைச் சுவரில் இருக்கும். கவுன்ட்டரில் பத்தாவது முடித்த தம்பி ஒருவன் நிற்பான். அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. தெரியாத பாரத்தை அவன் தலையில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்கிறேன். பதிவில்லாதவர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது 42 ஆம் பிரிவின்படி குற்றம். முன்பு அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாயாக இருந்தது. அதைக் கட்டிவிட்டுப் போவது எளிதாகவும் இருந்தது. 2023 இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை 2 லட்சம் ரூபாய் வரை உயர்த்தியிருக்கிறது. 3 மாதம் வரை சிறையும் உண்டு. பெயரைக் கொடுத்த மருந்தாளுநர்மீது கவுன்சில் விசாரணை நடத்திப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். கடையின் உரிமத்தை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தற்காலிகமாக நிறுத்தலாம், ரத்தும் செய்யலாம்.

உச்ச நீதிமன்றமும் இதைப் பேசியிருக்கிறது. பீகாரில் போலி மருந்தாளுநர்களைப் பற்றி ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கைப் பாட்னா உயர் நீதிமன்றம் சுருக்கமாக முடித்துவிட்டது. 2022 நவம்பர் 29 அன்று நீதிபதிகள் எம்.ஆர். ஷா, எம்.எம். சுந்தரேஷ் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்து, வழக்கைத் திரும்ப விசாரிக்க அனுப்பியது. மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் பதிவு பெற்ற மருந்தாளுநர்களைக் கொண்டே நடக்கின்றனவா என்று பார்ப்பது மாநில அரசின் கடமை, மருந்தியல் கவுன்சிலின் கடமை என்றும், மக்களின் உயிரோடு விளையாட விடக் கூடாது என்றும் சொன்னது.

சம்பளம் குறைவு என்பது உண்மையான குறை. 2 ஆண்டு, 4 ஆண்டு படித்த பிள்ளைக்குத் துணிக்கடைச் சம்பளம் கொடுத்தால் அவன் வேறு வேலை தேடத்தான் செய்வான். ஆனால் இந்த வாடகை வியாபாரமே சம்பளம் ஏறாமல் இருப்பதற்கு முக்கியமான காரணம். பாதி விலைக்குப் பெயர் கிடைக்கும் வரை எந்த முதலாளி முழு விலைக்கு ஆளை வைப்பார்? சர்டிஃபிகேட்டைக் கொடுக்கும் ஒவ்வொருவரும் கடையில் நின்று வேலை பார்க்கும் இன்னொரு மருந்தாளுநரின் கூலியைத்தான் குறைக்கிறார்கள்.

எங்கள் அண்ணாச்சி கடையில் பல வருஷமாக வேலை பார்க்கிறார். எல்லா மருந்தும் அத்துப்படி. அவருக்குத் தெரியாததா ஒரு ஃபார்மசிஸ்டுக்குத் தெரிந்துவிடும்?

எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று என்னைவிட வேகமாக அவர் சொல்லிவிடுவார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சீட்டில் எழுதியிருக்கும் பெயரையும் சரியாகவே எடுத்துவிடுவார். ஆனால் சரியான மருந்தை எடுத்துக் கொடுத்த பிறகும் ஆபத்து பாக்கி இருக்கிறது.

ஒரு நாள் மாலை வயதான அம்மா ஒருவர் மூட்டுவாதத்துக்கான சீட்டோடு வந்தார். அதில் மெத்தோட்ரெக்ஸேட் இருந்தது. மூட்டுவாதத்துக்கு அந்த மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். சீட்டில் ஆங்கிலத்தில் சரியாகவே எழுதியிருந்தார்கள். உதவிக்கு இருந்த தம்பி சரியான அட்டையைத்தான் எடுத்துக் கவரில் போட்டான். விலையும் சரி, எண்ணிக்கையும் சரி.

“அம்மா, இதை எப்போ சாப்பிடுவீங்க?” என்று கேட்டேன்.

“சுகர் மாத்திரை மாதிரி காலையில ஒண்ணு போட்டுக்கிறேன் தம்பி.”

அந்த மாத்திரையைத் தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உற்பத்தி செய்வது குறைந்துபோகும், உயிரே போகலாம். உலகம் முழுக்க மருந்தியல் புத்தகங்களில் எச்சரிக்கையாக எழுதி வைத்திருக்கும் தவறு இது. எந்தக் கிழமை அவருக்கு மறக்காது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவாராம். அட்டையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் ‘வெள்ளி மட்டும்’ என்று எழுதி, அவரையே திரும்பச் சொல்ல வைத்து, மகளின் போன் நம்பரை வாங்கி மகளிடமும் சொன்னேன். கூடவே எழுதியிருந்த ஃபோலிக் அமில மாத்திரையைத் தனிக் கவரில் போட்டேன்.

கடையில் மருந்தாளுநர் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்வது இந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான். அலமாரி அனுபவம் பெரிய விஷயம்தான், ஆனால் எந்த மருந்துக்கு எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது படித்துத்தான் வரும். அண்ணாச்சிக்கு விருப்பம் இருந்தால், வயது தடையில்லை என்றால், டி.ஃபார்ம் படிக்கச் சொல்லுங்கள். அப்படிப் படித்துப் பதிவு பெற்று இன்று கடை நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மிஞ்ச ஆளில்லை.

கடை போட என்ன வேண்டும்?

சில்லறைக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம். சில்லறையும் மொத்தமும் சேர்த்து என்றால் 15 சதுர மீட்டர். இடம் உங்களுடையது அல்லது வாடகைக்கு எடுத்தது என்பதற்கான ஆவணம், வரைபடம், மருந்தாளுநரின் பதிவுச் சான்று, அவர் இங்கே வேலை செய்யச் சம்மதிக்கும் உறுதிமொழி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவை வேண்டும். விண்ணப்பம் படிவம் 19 இல். ஆய்வாளர் வந்து இடத்தைப் பார்த்த பிறகு படிவம் 20 இலும் 21 இலும் உரிமம் வரும். பொதுவான மருந்துகளுக்கு 20. தடுப்பூசி, இன்சுலின் போன்றவற்றுக்கு 21.

2017 இல் ஒரு முக்கியமான மாற்றம் வந்தது. அதற்குமுன் உரிமத்தை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இப்போது நிறுத்தப்படும் வரையோ ரத்தாகும் வரையோ உரிமம் செல்லும். ஆனால் 5 ஆண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் கட்ட வேண்டும். ‘இனிமேல் ஒன்றும் கட்ட வேண்டாம்’ என்று தவறாகப் புரிந்துகொண்டு தேதியை விட்டவர்கள் உண்டு. காலண்டரில் குறித்து வையுங்கள்.

பார்ட்னர் மாறினால், கடை கைமாறினால் பழைய உரிமத்தை வைத்துத் தொடர்ந்து ஓட்ட முடியாது. 3 மாதத்துக்குள் புதிய அமைப்பின் பெயரில் உரிமம் வாங்கியாக வேண்டும்.

ஃபார்மசிஸ்ட் வேலையை விட்டுப் போய்விட்டார். கடையை மூட வேண்டுமா?

பொறுப்பு மருந்தாளுநர் மாறினால் ஒரு மாதத்துக்குள் உரிம அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும் நிபந்தனை. ஆனால் அந்த ஒரு மாதம் தகவல் சொல்வதற்கான அவகாசம்தான். இடைப்பட்ட நாளில் ஆளில்லாமல் சீட்டுக்கு மருந்து கொடுக்கலாம் என்று அதற்குப் பொருள் கிடையாது. வேலையை விடும் மருந்தாளுநரும் தன் பங்குக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் நீங்கள் போன பிறகும் உங்கள் பெயரில் கடை ஓடும். பிரச்சினை வந்தால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

24 மணி நேரக் கடையில் ஒரே மருந்தாளுநர் பெயர் மட்டும் இருந்தால் அது எப்படிச் சாத்தியம் என்று நீங்களே யோசியுங்கள். ஷிஃப்டுக்கு ஒருவர் வேண்டும்.

மொத்த வியாபாரத்துக்கும் ஃபார்மசிஸ்ட் கட்டாயமா?

கட்டாயமில்லை. பதிவு பெற்ற மருந்தாளுநர் இருக்கலாம். அல்லது பட்டம் பெற்று ஓராண்டு மருந்து விற்பனை அனுபவம் உள்ளவர், அல்லது பத்தாம் வகுப்பு முடித்து 4 ஆண்டு அனுபவம் உள்ளவர் போதும். நோயாளியிடம் நேரடியாகக் கொடுப்பதில்லை என்பதால் இந்தத் தளர்வு.

டாக்டரே கிளினிக்கில் மருந்து கொடுக்கிறாரே, அது சரியா?

தன்னிடம் வரும் நோயாளிக்குப் பதிவு பெற்ற மருத்துவர் மருந்து கொடுக்கலாம். 42 ஆம் பிரிவே அதற்கு விலக்குத் தருகிறது. ஆனால் கடை மாதிரித் திறந்து வைத்து, வேறு மருத்துவர் எழுதிய சீட்டுக்கெல்லாம் விற்க முடியாது. தனியார் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் இருக்கும் மருந்தகத்துக்கும் தெருமுனைக் கடைக்கும் ஒரே விதிதான்.

பெட்டிக்கடையில் காய்ச்சல் மாத்திரை விற்கிறார்களே? நாட்டு மருந்துக் கடைக்கு லைசென்ஸ் வேண்டுமா?

1,000 பேருக்கு மேல் போகாத சிற்றூர்களில் பாராசிட்டமால், வலித் தைலம், கிரைப் வாட்டர், பேண்டேஜ் மாதிரியான சில வீட்டு மருந்துகளைப் பிரிக்காத உறையில் விற்க விலக்கு இருக்கிறது. நகரத்துப் பெட்டிக்கடைக்கு அந்த விலக்குப் பொருந்தாது. சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தயாரிக்கத்தான் 1940 சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும், விற்க வேண்டியதில்லை. ஹோமியோபதிக் கடைக்குத் தனி உரிமம் உண்டு.

போன தடவை கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை இந்தத் தடவை சீட்டில்லாமல் தரமாட்டேன் என்கிறார். வேண்டுமென்றே அலைக்கழிக்கிறாரா?

இல்லை. அவர் சரியாக நடந்துகொள்கிறார். 1945 விதிகளில் எச், எச்1, எக்ஸ் என்று மருந்துப் பட்டியல்கள் இருக்கின்றன. எச் அட்டவணையில் இருக்கும் மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. திரும்ப வாங்கலாம் என்று மருத்துவர் எழுதாதவரை ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் கொடுக்க வேண்டும். எச்1 அட்டவணை இன்னும் கண்டிப்பானது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்றாம், நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், கார்பபெனெம்கள் என்ற ஆன்டிபயாட்டிக் வகைகள், காசநோய் மருந்துகள், சில தூக்க மாத்திரைகள் அதில் வருகின்றன. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும், பாருங்கள். அதை விற்றால் மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு பத்திரமாக வைக்க வேண்டும். எக்ஸ் அட்டவணை மருந்துக்குச் சீட்டே இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடை 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

கூட்டம் நிற்கும் நேரத்தில் பதிவேட்டை எடுத்து எழுதுவது சிரமம்தான். பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதைப் பற்றி மருத்துவர்கள் இவ்வளவு கவலைப்படும்போது, சீட்டில்லாமல் செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வராது.

சீட்டில் எழுதிய கம்பெனி இல்லை, அதே மருந்து வேறு கம்பெனி தரலாம் என்கிறார். வாங்கலாமா?

எச், எச்1, எக்ஸ் அட்டவணை மருந்துகளில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக் கூடாது என்று 65 ஆம் விதி சொல்கிறது. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாக இருந்தாலும் இதே விதிதான். மருத்துவரிடம் போனில் கேட்டு, அவர் சம்மதித்துச் சீட்டை மாற்றித் தந்தால் சரி. மருத்துவர் கம்பெனிப் பெயரில்லாமல் மருந்தின் பொதுப்பெயரை எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே வராது. விலை குறைவான ஜெனெரிக் வேண்டும் என்றால் மருத்துவரிடமே ‘பொதுப்பெயர்ல எழுதித் தாங்க டாக்டர்’ என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

ஆன்லைனில் வாங்குவது?

இதற்கென்று மத்திய அரசு 2018 இல் வரைவு விதிகள் வெளியிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, விதிகள் வரும்வரை ஆன்லைன் விற்பனைக்குத் தடை விதித்தார். 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. இன்றும் இது முழுதாகத் தெளிவாகாத இடம்தான். நீங்கள் பார்க்க வேண்டியது பில்லில் எந்தக் கடையின் உரிம எண் இருக்கிறது, சீட்டு கேட்டார்களா என்பதை. சீட்டே கேட்காமல் எச்1 மருந்து அனுப்பும் இடத்தில் வாங்காதீர்கள்.

டிரக் இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன பார்ப்பார்? தப்பாக நடவடிக்கை எடுத்துவிட்டால்?

உரிமம் மக்கள் பார்வையில் இருக்கிறதா, மருந்தாளுநர் கடையில் இருக்கிறாரா, கொள்முதல் பில்லும் விற்பனை பில்லும் பொருந்துகின்றனவா, எச்1 பதிவேடு இருக்கிறதா, குளிர்சாதனப் பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் ஓடுகிறதா, காலாவதி மருந்து தனியாக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். பரிசோதனைக்கு மாதிரி எடுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. எதுவும் ஒளிக்கத் தேவையில்லாமல் கடை நடத்தினால் அவர் வரும் நாளும் மற்ற நாள் மாதிரிதான்.

உரிமமே இல்லாமல் விற்பது மிகப் பெரிய குற்றம். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 1 லட்சம் ரூபாய் அல்லது பிடிபட்ட மருந்தின் மதிப்பைப் போல 3 மடங்கு, எது அதிகமோ அது.

நடவடிக்கை நியாயமில்லை என்று நினைத்தால் வழி இருக்கிறது. உரிமத்தை நிறுத்துவதற்கோ ரத்து செய்வதற்கோ முன் விளக்கம் கேட்டாக வேண்டும். உத்தரவு வந்தபின் 3 மாதத்துக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். விளக்கக் கடிதத்தை நாலு வரியில் எழுதி அனுப்பாதீர்கள். பில், பதிவேட்டு நகல் எல்லாம் இணைத்து, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள்.

நான் சாதாரண வாடிக்கையாளர். கடையில் நிற்பவர் ஃபார்மசிஸ்ட்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மருந்தாளுநர் வெள்ளை அங்கியும், பெயரும் பதிவு எண்ணும் உள்ள வில்லையும் அணிந்திருக்க வேண்டும் என்று 2015 ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அது இல்லாவிட்டால், “ஃபார்மசிஸ்ட் யாருங்க? இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடணும்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்” என்று கேளுங்கள். யாரும் இதற்குக் கோபப்பட நியாயமில்லை. இருக்கிறார் என்றால் வந்து பேசுவார். ‘அவர் இப்போ இல்லை, நான் சொல்றேன்’ என்ற பதில் ஒரு தடவை வந்தால் தற்செயலாக இருக்கலாம். போகும்போதெல்லாம் அதே பதில் என்றால் வேறு கடைக்குப் போங்கள், புகாரும் கொடுங்கள்.

கடையைப் பற்றிய புகார் உங்கள் பகுதி மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு. மருந்தாளுநரைப் பற்றியது மாநில மருந்தியல் கவுன்சிலுக்கு. எங்கே அனுப்பினாலும் பில்லும் மருந்து அட்டையும் கையில் இருக்க வேண்டும். அட்டையில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பக்கத்தைக் கிழித்துவிடாமல், மறுபக்கத்திலிருந்து மாத்திரையை எடுத்துப் பழகுங்கள். பில் தர மறுக்கும் கடையில் மருந்து வாங்க வேண்டாம்.